பிரெஞ்சுப் பொறிச்சொற்கள் ஆங்கிலம் புகுந்த வரலாறு

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீராவிப் பொறிகளைச் செய்து இயக்குவதில் இங்கிலாந்தே முன்னின்றது. ஆயின், பொறி ஆற்றும் தொழிலை அளந்து கணக்கிடும் முறையை வகுத்தவருள் தலையாயவர் பிரெஞ்சு அறிஞராவர். பொறிகள் ஆங்கில நாட்டினின்று பிரான்சுக்குச் சென்றன. அவற்றைப் பற்றிய கலைச்சொற்களோ எதிர்த்திசையில் வரவேண்டியிருந்தது.

விசையையும், அவ்விசையின் வழியே பொருள் நகர்ந்த தூரத்தையும் பெருக்கி வரும் அளவுக்கு முன்னாளில் ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொரு பெயர் கூறிவந்தனர். கொரியோலி என்னும் அறிஞர் 1829இல் தாம் வெளியிட்ட நூலில் அதனைத் 'திராவாய்' என்றார். உழைப்பு, வேலை என்னும் பொருளில் பிரெஞ்சு மக்கள் நாள்தோறும் வழங்கும் சொல் அது.

இதனை ஆங்கிலத்தில் எங்ஙனம் கூறுவது? அப்படியே எடுத்துக்கொள்ள வழியில்லை. அச்சொல் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஆங்கிலம் புகுந்து, கடுந்துன்பம், மகப்பேற்று நோவு என்னும் பொருள்களில் நிலைத்துவிட்டது. நீராவிப் பொறிக்குப் பேறுகால வேதனையா என்று மாணவர் நகைத்திருப்பர்! கேம்பிரிட்சு அறிஞர் வில்லியம் ஹியூவெல் 1841இல் 'உழைக்கும் விசை' எனப் பொருள்படும் 'லேபரிங் ஃபோர்ஸ்' என்ற தொடரை ஆண்டார். சொல்லாக்கத்தில் வல்லவர் அவர். பாரடேக்கு 'ஆனோடு', 'கத்தோடு' என்னும் சொற்களை அளித்தவரும் அவரே. எனினும் இத்தொடர் பொருந்தவில்லை. விசை வேறு, விசை ஆற்றிய தொழில் வேறு. இரண்டையும் அது மயங்கச் செய்தது. 1843இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஹென்றி மோஸ்லி தம் நூலில் 'வொர்க்' என்னும் எளிய சொல்லைக் கையாண்டார். அதுவே நிலைபெற்றது. நம் பாடநூல்களும் அதனை 'வேலை' என்றே வழங்குகின்றன.

'டர்பைன்' என்பதற்கு இத்தொல்லை நேரவில்லை. சுழற்சியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று 1822இல் புர்தேன் அதனை ஆக்கினார். பொருளும் புதிது, பெயரும் புதிது. ஆங்கிலேயர் எழுத்தும் மாற்றாது ஏற்றனர்.

'கூப்ளு' என்பதன் கதை சிக்கலானது. எதிரெதிர்த் திசைகளில் இணைகோடுகளில் செயற்படும் இரு சம விசைகளுக்குப் புவான்சோ 1803இல் இட்ட பெயர் அது. ஆங்கிலம் அதனைக் 'கப்பிள்' என ஏற்றது. பின்னர், 1884இல் கிளாஸ்கோப் பேராசிரியர் ஜேம்ஸ் தாம்சன், தண்டைச் சுழலச் செய்யும் திருப்புவிசைக்கு 'டார்க்' என்னும் தனிச்சொல்லைத் தந்தார். பிரெஞ்சுப் பொறியாளர் இரண்டிற்கும் பழைய சொல்லையே இன்றும் வழங்குகின்றனர். ஆகவே, ஒரு மோட்டார் நூலை மொழிபெயர்ப்பவர் ஒத்த ஒலியை நம்பிக் 'கப்பிள்' என்று எழுதினால் படிக்கும் பொறியாளர் திகைப்பார். அங்கே அகராதியைவிடப் பொறியைப் பற்றிய அறிவே துணை செய்யும்.

ஒலி ஒவ்வாவிடினும் பொருள் ஒத்தது எனத் தோன்றும் இடத்திலும் பிழை நேரும். பிரெஞ்சில் 'ஷெவல் வப்பேர்' என்பது சொல்லளவில் 'நீராவிக் குதிரை'. அதைக் குதிரைத்திறன் என்று பெயர்த்துவிட எவருக்கும் தோன்றும். ஆங்கிலக் குதிரைத்திறன், நொடிக்கு 550 பவுண்டு எடையை ஓரடி உயர்த்தும் திறன், அது 745.7 வாட். பிரெஞ்சு அளவோ, நொடிக்கு 75 கிலோகிராம் எடையை ஒரு மீட்டர் உயர்த்துவது, அது 735.5 வாட். பிரெஞ்சுப் பட்டயத்தில் 100 எனக் கண்டதை எண் மாற்றாமல் ஆங்கிலத்தில் எழுதினால், உண்மையில் 98.6 குதிரைத்திறனே உடைய பொறிக்கு இல்லாத வலிமையை ஏற்றியதாகிவிடும்.