கடல்மட்டம் இல்லாத உலகின் சுழியம்: நிலவின் உயர வரைபடங்களில் நிற அளவுகோல் வளர்ந்த வரலாறு

நிலவின் மிக உயர்ந்த புள்ளி அதன் மறுபக்கத்தில் எங்கல்ஹார்ட் பள்ளத்தின் அருகே, சராசரி ஆரத்துக்கு 10,786 மீட்டர் மேலே இருக்கிறது. மிகத் தாழ்ந்த இடம் தென் துருவம்–எய்ட்கன் படுகைக்குள், அன்டோனியாடி பள்ளத்தின் அடியில், அதே அளவைக்கு ஏறத்தாழ 9,100 மீட்டர் கீழே. மேடு பள்ள வேறுபாடு மொத்தம் 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எவரெஸ்ட் உச்சியிலிருந்து பசிபிக் பெருங்கடலின் சேலஞ்சர் மடு வரை அளந்தாலும் ஏறக்குறைய இதே எண்தான் வரும். பூமிக்கென்று உருவான நிறங்களை நிலவின் மேல் அப்படியே விரித்துவிடலாம் என்ற எண்ணம் இங்கிருந்துதான் எளிதாக முளைக்கிறது.

ஆனால் பூமியின் அளவுகோலில் சுழியம் என்பது கடல்மட்டம். கரையில் நிற்கும் எவரும் அதைக் கண்ணால் காணலாம். நிலவில் அப்படி ஒன்றும் இல்லை. அங்கே சுழியம் எங்கே என்பதை அளப்பவர்கள் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். நிலவின் உயரத்துக்கு நிறம் தீட்டிய வரலாற்றை இந்தச் சுழியத்தின் வழியாகப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் நிறங்களைத் தேர்ந்தது நிலவின் நில அமைப்பு அன்று. கையில் கிடைத்த கருவியும் பூமியிலிருந்து வந்த பழக்கமுமே என்பது என் வாதம்.

பூமியில் தொடங்கிய மரபு

உயரத்துக்கு நிறம் கொடுக்கும் வழக்கம் கல்லச்சு வண்ண அச்சோடு வளர்ந்தது. ஆஸ்திரியப் படை அதிகாரி ஃபிரான்ஸ் ஃபான் ஹவுஸ்லாப் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த விதி எளியது: உயரம் கூடக் கூட நிறம் அடர வேண்டும். ஊர்ப் பெயர்களும் சாலைகளும் நெருங்கிக் கிடப்பது தாழ்நிலத்தில். அங்கே மை வெளிறியிருந்தால்தான் எழுத்தைப் படிக்க முடியும். அச்சுக்கூடத்தின் தேவையிலிருந்து பிறந்த விதி இது. அதே காலத்தில் எமில் ஃபான் சிடோவ் பள்ளி வரைபடங்களில் தாழ்நிலத்துக்குப் பச்சையும் மேட்டுநிலத்துக்குப் பழுப்பும் தீட்டினார். பச்சை என்றால் தாழ்வு, அவ்வளவே. ஆனாலும் இன்றுவரை மாணவர்கள் அதை வயலாகவும் காடாகவும்தான் படிக்கிறார்கள். சகாராவின் தாழ்ந்த பகுதிகள் பச்சையாகத் தெரியும் உலக வரைபடத்தை நாம் எல்லோரும் வகுப்பறைச் சுவரில் பார்த்தவர்களே.

1898இல் வியன்னாவின் கார்ல் பொய்க்கர் வேறொரு காரணத்தை முன்வைத்தார். சிவப்பு கண்ணுக்கு அருகில் வருவதுபோலவும் நீலம் விலகுவதுபோலவும் தோன்றும். ஆகவே நிறமாலையின் வரிசையே மலையை எழுப்பிக் காட்டும் என்றார். இதற்குப் பின் சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் இம்ஹோஃப் ஆல்ப்ஸ் மலையின் காற்றையே நிறத்துக்குள் கொண்டுவந்தார். தொலைவிலுள்ள பள்ளத்தாக்கு மூட்டத்தில் நீலச்சாம்பலாக மங்கும், உச்சி வெளிச்சத்தில் தெளியும். அவருடைய தாள்களிலும் அப்படியே. 1965இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் நிலவரைவியலின் பாடநூல். இம்முறைகளில் மையும் கண்ணும் காற்றும் கடலும் ஆளுக்கொரு பங்கு வகித்தன. நிலவில் காற்றும் இல்லை, கடலும் இல்லை என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும்.

நிறமின்றி அளந்த காலம்

1610இல் கலிலியோ, பகல்–இரவு எல்லைக்கு அப்பால் இருளுக்குள் தனியே மின்னிய புள்ளிகளைக் கொண்டு நிலவு மலைகளின் உயரத்தைக் கணக்கிட்டார். சில மலைகள் நான்கு இத்தாலிய மைலுக்கும் உயர்ந்தவை என்றார். பிறகு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் உயரம் என்பது நிழலின் நீளத்திலிருந்து பெறும் எண்ணாகவே இருந்தது. பெர்லினில் வில்ஹெல்ம் பேயரின் சிறிய வான்நோக்ககத்தில் யோஹான் மேட்லர் 1830களில் 830 மலைகளின் உயரத்தை அளந்தார். அந்த எண்களை வரைபடத்தில் காட்ட அவர்கள் எடுத்துக்கொண்டது, படை நில அளவையாளர் லேமன் வகுத்த சாய்வுக் கீற்று முறை. டிரெஸ்டனின் நில அளவையாளர் லோர்மன் அதை அவர்களுக்கு முன்பே நிலவுக்குக் கொண்டுவந்திருந்தார். கீற்று செங்குத்தை உணர்த்தும். ஒரு மலையடியிலிருந்து அதன் உச்சி எவ்வளவு உயரம் என்றும் நிழல் சொல்லும். ஒரு சமவெளி தொலைவிலுள்ள இன்னொன்றைவிட மேலா கீழா என்று கேட்டால் இரண்டுக்கும் விடை கிடையாது. பொதுச் சுழியம் இல்லாத இடத்தில் உயர நிறம் தீட்ட வழியே இல்லை.

அந்தச் சுழியத்தை வலிந்து உண்டாக்கியது அப்போலோவுக்கான அவசரம். 1960 முதல் அமெரிக்க விமானப்படையின் செயின்ட் லூயிஸ் வரைபட நிறுவனம் 1:10,00,000 அளவில் நிலவுத் தாள்களை வெளியிட்டது. பாட்ரீஷியா பிரிட்ஜஸ் போன்ற ஓவியர்கள் ஃபிளாக்ஸ்டாஃபின் லோவல் வான்நோக்ககத்தில் தொலைநோக்கி வழியே பார்த்தும் நிழற்படங்களை ஒப்பிட்டும் காற்றுத்தூரிகையால் நிழல் தீட்டினார்கள். சமஉயரக் கோடுகள் 300 மீட்டர் இடைவெளியில் வந்தன. இவற்றின் ஓரக் குறிப்பில் ஒரு செய்தி இருக்கிறது: சுழியத் தளத்தை முதலில் 1,738 கிலோமீட்டர் ஆரத்தில் வைத்து, பிறகு அதற்கு 2.6 கிலோமீட்டர் கீழே இறக்கியிருக்கிறார்கள். எதிர்க்குறி எண்கள் வரைபடத்தில் கூடியவரை குறையட்டும் என்பதே காரணம். இயற்பியலுக்கு இதில் பங்கில்லை. வரைபடத்தைப் பயன்படுத்துவோரின் வசதிதான் காரணம். நிலவின் சுழியம் எவ்வளவு மனித விருப்பத்துக்கு உட்பட்டது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்றை நான் கண்டதில்லை.

அத்தாள்களிலும் நிறம் உயரத்தைக் குறிக்கவில்லை. அப்போது நிலவில் நிறத்தைத் தமக்கென எடுத்துக்கொண்டவர்கள் புவியியலாளர்கள். யூஜீன் ஷூமேக்கர் தொடங்கிய மரபில், 1971இல் வில்ஹெல்ம்ஸும் மெக்காலியும் வெளியிட்ட முன்பக்க வரைபடத்தில் ஊதாவும் மஞ்சளும் பச்சையும் பாறைகளின் வகையையும் வயதையும் சுட்டின.

ஒளித்துடிப்பு கொண்டுவந்த எண்கள்

1971, 1972இல் அப்போலோ 15, 16, 17 சுற்றுக்கலங்களிலிருந்து லேசர் உயரமானிகள் நிலவை அளந்தன. சுற்றுப்பாதைக்கு நேர்க்கீழே சில கீற்றுகள் மட்டுமே கிடைத்தாலும் அவை ஒரு பெரிய உண்மையைத் தந்தன. நிலவின் வடிவ மையம் அதன் நிறை மையத்திலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் விலகி, மறுபக்கம் நோக்கித் தள்ளியிருக்கிறது. நிறை மையத்திலிருந்து அளந்தால் நமக்குத் தெரியும் பக்கம் தாழ்ந்தும் தெரியாத பக்கம் உயர்ந்தும் வரும். பிற்கால வரைபடங்கள் பலவற்றில் முன்பக்கம் குளிர்நிறத்திலும் மறுபக்கம் சூடான நிறத்திலும் இருப்பதன் முதல் காரணம் இதுதான்.

முழு நிலவுக்கும் ஓரளவு பொருந்தும் முதல் உயர வரைபடத்தை 1994இல் கிளமென்டைன் விண்கலம் தந்தது. வடக்கும் தெற்கும் 75 பாகை அகலாங்குகளுக்குள் 70,000 சொச்சம் அளவீடுகள்தான். இன்றைய கணக்கில் கைப்பிடி. ஆனால் அதை நிறம் தீட்டிப் பார்த்தபோது மறுபக்கத்தின் தெற்கே ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் அகலமுள்ள ஊதா வட்டம் எழுந்து நின்றது. தென் துருவம்–எய்ட்கன் படுகை இருக்கக்கூடும் என்ற ஐயம் முன்பே உண்டு. அது அறிஞர் வட்டத்தைத் தாண்டி எல்லோருக்கும் தெரிந்த பொருளானது அந்த ஊதாவால். நிற அளவுகோலைக் குறை சொல்லும் எவரும் இந்தக் கடனை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதன்பின் வேகம் கூடியது. ஜப்பானின் ககுயா துருவங்களையும் சேர்த்து அளந்தது. 2008 அக்டோபர் 22இல் புறப்பட்ட சந்திரயான்–1, மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த அந்தக் கலம், ஒரு லேசர் உயரமானியையும் 5 மீட்டர் நுணுக்கத்தில் முன், நேர், பின் என மூன்று கோணங்களில் படமெடுக்கும் கேமராவையும் கொண்டுபோனது. 2009இல் அமெரிக்காவின் எல்.ஆர்.ஓ. கலம் புறப்பட்டது. அதன் லோலா உயரமானி ஒவ்வொரு துடிப்பையும் ஐந்து கதிர்களாகப் பிரித்து, நொடிக்கு 28 துடிப்புகள் அனுப்பி, 650 கோடிக்கும் மேற்பட்ட அளவீடுகளைக் குவித்தது. சுழியம் 1,737.4 கிலோமீட்டர் ஆரக் கோளமாக நிலைபெற்றது. கிளமென்டைன் கணக்கின் 1,738 கிலோமீட்டரிலிருந்து இது 600 மீட்டர் வேறுபாடு. பழைய, புதிய வரைபடங்களை அருகருகே வைத்து நிறம் பார்த்து ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்துவிடுவது வழக்கம்.

வானவில்லின் ஆட்சி

இந்த எண்களுக்கு நிறம் வந்தது கணினித் திரையிலிருந்து. 256 படிகள் கொண்ட நிற அட்டவணையில் ஊதாவில் தொடங்கி நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என ஏறுவதுதான் எல்லா மென்பொருளிலும் இயல்பாக அமைந்திருந்தது. பொய்க்கர் ஒரு நூற்றாண்டுக்கு முன் நாடிய நிறமாலை, அவருடைய காரணங்கள் ஏதுமின்றித் திரும்பி வந்தது. 1999இல் செவ்வாயின் லேசர் உயர வரைபடம் இதன் உச்சியில் வெள்ளையைச் சேர்த்து உலகப் புகழ் பெற்றது. அதை உருவாக்கிய குழுவின் டேவிட் ஸ்மித்தும் மரியா ஜூபரும்தான் பிறகு லோலாவுக்கும் தலைமை ஏற்றார்கள். நிறக் குடும்பமும் கூடவே வந்தது. செவ்வாயின் வடக்கே பழங்கடல் இருந்திருக்கலாம் என்ற கருதுகோள் உண்டு என்பதால் அங்கே தாழ்நிலத்துக்கு நீலம் ஓரளவு பொருள் தரும். நிலவில் அதற்கு அந்தச் சாக்கும் இல்லை.

வானவில்லின் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு நிலவுக்கு மட்டும் உரியதன்று. 1990களில் ரோகோவிட்ஸும் டிரெய்னிஷும், 2007இல் போர்லண்டும் டெய்லரும், 2020இல் கிராமேரியும் சக ஆய்வாளர்களும் ஒன்றையே வெவ்வேறு கூர்மையில் எழுதினார்கள். இந்த வரிசையில் ஒளிர்வு ஒரே சீராக ஏறுவதில்லை. மஞ்சளில் பளிச்சென உயர்ந்து சிவப்பில் விழுகிறது. பச்சை அகலமாகப் படுத்துக்கொள்கிறது. தரவில் இல்லாத விளிம்பைக் கண் மஞ்சளருகே காண்கிறது, இருக்கும் விளிம்பைப் பச்சைக்குள் தவறவிடுகிறது. சிவப்பு–பச்சை நிறக்குருடு உள்ளவர்களுக்கோ மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடுகின்றன. நிலவில் இதன் விளைவு குறிப்பானது: மறுபக்க மேட்டுநிலத்தில் மஞ்சள் விழும் உயரம் எதுவோ, அங்கெல்லாம் ஒரு பொய்க் கரை எழும்பும்.

மாற்றாக வந்தவை 2015இல் வெளியான விரிடிஸ் போன்ற, ஒளிர்வு சீராக ஏறும் அளவுகோல்கள். வரைகோட்டுப் படங்களுக்கும் வெப்பநிலைப் படங்களுக்கும் அவை சிறந்த தீர்வு. உயர வரைபடத்தில் மட்டும் ஒரு சிக்கல் எழுகிறது. இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நிலவின் உயர வரைபடம் நிறத்தை மட்டும் கொண்டதன்று. அதன் மேல் செயற்கை வெளிச்சத்தில் கணக்கிட்ட நிழற்சாயலும் ஏறுகிறது. பள்ளத்தின் விளிம்பையும் மையச் சிகரத்தையும் காட்டுவது அந்தச் சாயல்தான். சாயலுக்கு இருக்கும் ஒரே மொழி ஒளிர்வு. உயரமும் ஒளிர்வையே கேட்டால் இரண்டும் மோதும். தாழ்ந்த படுகை கருநீலத்தில் மூழ்கும்போது அதற்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான பள்ளங்களின் நிழல் கரைந்துபோகும். நிலவின் வரலாற்றைச் சொல்லும் பள்ளங்களில் பல அங்கேதான் இருக்கின்றன. பீட்டர் கோவேசி 2015இல் நிற அளவுகோல்கள் பற்றி எழுதியபோது, நிழற்சாயலோடு சேர்க்கவென்றே ஒளிர்வு மாறாத, நிறச்சாயை மட்டும் மாறும் அளவுகோல்களைத் தனியே வகுத்தார். அவை வெளிறிப்போய் அழகற்றவையாகத் தோன்றும். அதனாலேயே பலரும் ஒதுக்கினார்கள். என் மதிப்பீட்டில் நிலவுக்கு உகந்தது இவ்விரண்டுக்கும் இடையே உள்ளது: ஒளிர்வு மெல்ல ஏற வேண்டும், ஆனால் அடி முதல் உச்சிவரை நடுத்தர வெளிச்சத்தை விட்டு அகலக் கூடாது.

அடுத்து, நடுவில் உடையும் அளவுகோல்கள். கிராமேரியின் தொகுப்பில் ஓலரோன் என்ற ஒன்று உண்டு. சுழியத்தில் நீலம் முடிந்து மண்ணிறம் தொடங்கும். பூமிக்கு அது மிகப் பொருத்தம், உடைப்பு கடற்கரையில் விழுகிறது. அதையே 1,737.4 கிலோமீட்டர் கோளத்தின் மேல் வைத்தால், எந்த நில மாற்றமும் இல்லாத சரிவுகளின் நடுவே ஒரு கடற்கரை ஓடும். 600 மீட்டர் தள்ளினால் அந்தக் கரை வேறெங்கோ போகும்.

உயரங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதும் நிறத்தைத் தீர்மானிக்க வேண்டும். பூமியில் எந்த உயரத்தில் எவ்வளவு பரப்பு என்று கணக்கிட்டால் இரண்டு குவியல்கள் வரும், ஒன்று கண்டங்கள், மற்றொன்று கடலடித் தளம். நிலவில் ஒரே குவியல்தான். பெரும்பகுதி சுழியத்தின் இருபுறமும் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். 20 கிலோமீட்டரையும் 256 படிகளாகச் சமமாகப் பங்கிட்டால் ஒரு படி ஏறத்தாழ 78 மீட்டர். அப்போலோ 11 இறங்கிய சமவெளியின் மெல்லிய ஏற்றத்தாழ்வுகள் ஓரிரு படிகளில் அடங்கிப்போகும். அன்டோனியாடியின் அடிக்கும் எங்கல்ஹார்ட்டின் உச்சிக்கும் ஒதுக்கிய நிறங்களோ வரைபடத்தில் சில புள்ளிகளில் மட்டும் தென்படும். இரு முனைகளையும் வெட்டி நடுவை விரிக்கலாம், பரப்பின் விகிதத்தில் நிறத்தைப் பங்கிடலாம். ஆனால் பின்னதைச் செய்தால் நிறத்தின் வேறுபாடு இனி மீட்டரின் வேறுபாடு ஆகாது. அளவுகோலின் எண்களை ஓரத்தில் அச்சிடாமல் அழகுக்கு வெளியிடப்படும் நிலவுப் படங்களில் எது நடந்திருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை.

தென் துருவம் இந்தக் கேள்விகளை இன்னும் நெருக்குகிறது. இப்போது இறங்கு இடங்கள் தேடப்படும் அந்தப் பகுதியில் சூரியன் தாழ்ந்தே இருக்கும்; துருவப் புள்ளியில் அது அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ ஒன்றரைப் பாகைக்கு மேல் எழுவதில்லை. 21 கிலோமீட்டர் அகலமும் 4 கிலோமீட்டருக்கு மேல் ஆழமும் கொண்ட ஷாக்கிள்டன் பள்ளத்தின் அடியில் வெயில் படுவதே இல்லை. அத்தகைய நிரந்தர நிழலைக் கறுப்பில் குறிக்கிறார்கள் என்பதால் தாழ்வுக்குக் கறுப்பைக் கொடுக்க முடியாது. பொறியாளர்கள் முதலில் கேட்பது சாய்வின் அளவை. ஆகவே சூடான நிறங்கள் அதற்குப் போய்விடுகின்றன. வடமேற்கிலிருந்து விழுவதாகக் கொள்ளும் வழக்கமான செயற்கை வெளிச்சத்துக்கும் அங்கே பொருளில்லை. துருவத்தில் நின்றால் எல்லாத் திசையும் வடக்கு. வரைபடத்தாளின் கட்டத்தைக் கொண்டே மேல் இடது மூலை எது என்று முடிவு செய்கிறார்கள். லோலா அளவீடுகளிலிருந்து 5 மீட்டர் இடைவெளியில் உருவாக்கிய துருவத் தாள்களில் உயரத்துக்கு எஞ்சுவது குளிர்நிறங்களின் ஒரு குறுகிய பட்டைதான். அதன் சுழியத்தையும் முழு நிலவின் கோளத்தில் வைக்காமல், அந்தந்தத் தாளின் மிகத் தாழ்ந்த புள்ளியில் வைப்பதே படிக்க எளிது.