காரைக்குடி தந்த மின் இரசாயனக் கூடம்

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் பணிபுரியும் தமிழன்பர்களுள் சிலர் முலாம் பூசும் பட்டறைகளில் தொட்டியருகே நாளெல்லாம் நிற்பவர்கள். கறுத்த இரும்பாய் உள்ளே இறங்கும் போல்ட்டும் நட்டும் வெள்ளிபோல் பளபளத்து வெளிவருகின்றன. எப்படி என்று பிள்ளைகள் வினவினால், "கரண்ட் விட்டால் ஏறும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி இரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்த நாமும் நெடுநாள் அவ்வளவே அறிந்திருந்தோம்.

1800-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்டா, இருவகை உலோகத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து மின்சாரம் பெற்றார். துத்தநாகமும் செம்பும் அவ்வாறு இணைந்தால், துத்தநாகம் சிறிது சிறிதாகக் கரையும். அதனின்று விடுபடும் எலக்ட்ரான்கள் கம்பி வழியே செம்பை நோக்கி ஓடும். இதுவே மின்கலம். அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் அந்த மின்சாரத்தைத் தண்ணீரிற் செலுத்தி, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தனித்தனியே பிரித்தனர். இது மின்பகுப்பு. முன்னதில் பொருள் கரைந்து மின்சாரம் வரவாகிறது. பின்னதில் மின்சாரம் செலவாகிப் பொருள் மாறுகிறது. முலாம் தொட்டி பின்னதைச் சேர்ந்தது.

1830-களில் ஃபாரடே இதற்கு அளவு விதி கண்டார். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால், வீணாவது இல்லையெனில், சுமார் 1.22 கிராம் துத்தநாகம் படியும். நாளெல்லாம் கணக்கெழுதும் நமக்கு இவ்விதி மிகவும் உவப்பானது.

இனி, நாம் செய்யாமலே தோன்றும் மின்கலமும் ஒன்றுண்டு. அதன் பெயர் துரு. ஈரம் பட்ட இரும்பில் ஓரிடம் கரைகிறது. அங்கு விடுபட்ட எலக்ட்ரான்களைப் பக்கத்து இடத்திலே காற்றின் ஆக்சிஜன் ஏற்றுக்கொள்கிறது. உப்பு சேர்ந்தால் வேகம் மிகும். துத்தநாக முலாமிட்ட இரும்பில் கீறல் விழுந்தாலும், துத்தநாகமே முதலிற் கரைந்து இரும்பைக் காக்கும்.

இத்துறைக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சிக்கூடம் காரைக்குடியில் அமைந்த வரலாற்றை நம்மவர் அதிகம் பேசுவதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியாரைக் கல்லூரிகளுக்காகவே நினைவுகூர்கிறோம். விடுதலை பெற்ற நாடு ஆராய்ச்சிக்கூடங்களை நிறுவத் தொடங்கியபோது, அவர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து, மின் இரசாயனக் கூடத்தைத் தம் ஊர்ப்பக்கம் வரவழைத்தார். அந்நாளில் 15 இலட்சம் என்பது எத்தகைய தொகை! 1948 ஜூலை 25-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் பொங்கல் நாளான ஜனவரி 14-இல் குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். காரைக்குடியார் அதனைச் 'சிக்ரி' என்றே வழங்குவர். அழகப்பரோ 1957-இல், நாற்பத்தெட்டு வயது நிரம்பும் முன்னரே மறைந்தார். நம் வயதில் அவர் எத்தனை செய்து முடித்திருந்தார் என்று எண்ணும்போது சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

கடலோர மண்டபத்திலும் அந்நிலையத்திற்கு ஒரு பிரிவு உண்டு. அங்கு உலோகத் தகடுகளை உப்புக் காற்றில் நெடுங்காலம் வைத்து, துரு தின்ற எடையை அளந்து ஆராய்வர். அவ்வாய்வுக்கு ஏற்ற இடம் அது என்பதற்கு எதிரிலுள்ள பாம்பன் கடலே சாட்சி. 1914-இல் திறக்கப்பெற்ற பழைய இரயில் பாலம் 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்தது. 46 நாட்களில் சீரமைக்கப்பட்டு மீண்டும் வண்டிகளைச் சுமந்தது. புயலுக்குப் பின்னரும் எழுந்து நின்ற அப்பாலத்தை ஓசையின்றி அரித்தது துருவே. 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இராமேசுவரத்திற்கு இரயிலேறிய நம்மவர்கள், முதியோரையும் மூட்டைகளையும் மண்டபத்தில் இறக்கிப் பேருந்து ஏறவேண்டியதாயிற்று.

புதிய பாலத்தின் கம்பிகளுக்குத் துருப்பிடியா எஃகும், உருக்குப் பாகங்களுக்குத் தனிவகைப் பூச்சும் கையாளப்பட்டன. அது 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பெற்றது. அழகப்பர் பிறந்ததும் 1909-இல் அதே ஏப்ரல் 6-ஆம் நாள்தான்.