இயந்திரத் தாளத்தில் தமிழ்

மிருதங்கத்துக்கும் திரைப்பாடலுக்கும் பழகிய செவிக்குச் சொல்லிசை முதலில் சண்டை போலத்தான் கேட்கும். எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஆயினும் இந்நாட்டுத் தமிழர் வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு.

1980-களிலும் 1990-களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பால்மரத் தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாயின. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் நகரோரங்களுக்குப் பெயர்ந்தன. பிள்ளைகள் தெருவில் மலாயும் சீனமும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்தனர். தமிழ்ப் பாட்டோ, பெரும்பாலும் சென்னையிலிருந்து கப்பலேறி வந்த திரைப்பாட்டு.

அக்காலக் கோலாலம்பூரில் தோன்றியதே 'போயட்டிக் அம்மோ' என்னும் குழு. 1998-இல் வந்த அதன் இசைத்தொகுப்பில் ஆங்கிலம், மலாய், கண்டோனியம், தமிழ் ஆகிய நான்கும் ஒலித்தன. அக்குழுவின் யோகி பி, பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரையும் சேர்த்துக்கொண்டு 'நட்சத்திரா' என்ற பெயரில் 2006-இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார். அதில் தமிழே தலைமை ஏற்றது.

அதன் புகழ்பெற்ற பாட்டு, 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா அமைத்த 'மடை திறந்து' பாடலின் மேல் கட்டப்பட்டது. பழைய மெட்டு இடையிடையே திரும்பி வரும். அடியில் இயந்திரம் தாளம் போடும். மேலே சொற்கள் விரையும். நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டார்களே என்று வருந்துவோர் உண்டு. ஆனால் எதுகையும் மோனையும், குறிலும் நெடிலும் பழகிய மொழிக்கு இந்த ஓட்டம் அந்நியமன்று.

மறு ஆண்டே கப்பல் திசை மாறியது. 2007-இல் சென்னையில் வெளிவந்த 'பொல்லாதவன்' படத்தில், மெல்லிசை மன்னரின் பழைய பாடலொன்றின் புது வடிவில் யோகி பி-யின் குரல் ஒலித்தது. 2018-இல் 'காலா'விலும் கேட்டோம்.

பிரான்சின் மேற்குக் கோடியில் பிரெத்தோன் என்றொரு மொழி உண்டு. பள்ளியில் அதைப் பேசிய பிள்ளைகள் ஒரு காலத்தில் தண்டிக்கப்பட்டனர். பேசுவோர் வெகுவாகக் குறைந்தனர். அம்மொழியில் மின்னிசையோடு பாடிய பாட்டையே 2022-இல் ஐரோப்பியப் பாடல் போட்டிக்குப் பிரான்ஸ் அனுப்பியது. தமிழுக்கு அத்தகைய ஆபத்து இல்லை என்பது மெய்தான். ஆனால் மொழியை உலகம் கணக்கிடுவது வேறு, ஒரு வீடு கணக்கிடுவது வேறு.

இப்பாட்டுகளில் ஆங்கிலக் கலப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது. தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத நகரத்துப் பையன் ஒருவன் அவற்றின் தமிழ் வரிகளை மூச்சு விடாமல் ஒப்பிப்பதைக் கேட்கும்போது மட்டும், குறை சொல்ல வாய் வருவதில்லை.