தமிழ் எழுத்துகள் உடைந்த வரலாறு: திஸ்கி முதல் ஒருங்குறி வரை

வலைச்செயலி ஒன்றைத் தமிழாக்கி ஏற்றியபின், "உள்நுழை" என்று இருக்க வேண்டிய பொத்தானில் தலைமேல் சாய்கோடு போட்ட இலத்தீன் ஏ எழுத்தும், வட்டத்துக்குள் அடைபட்ட ஆர் எழுத்தும் மாறி மாறி வருவதைப் பலர் பார்த்திருப்பர். ஜப்பானியர் இதற்கு மோஜிபாகே என்று பெயரிட்டுள்ளனர்; எழுத்து உருமாறிப் போதல் என்பது பொருள். நாம் "எழுத்து உடைந்துவிட்டது" என்கிறோம். பெரும்பாலும் எழுத்து உடைவதில்லை. கணினி தவறான அட்டவணையை வைத்துக்கொண்டு அதைப் படிக்கிறது, அவ்வளவுதான். அந்த அட்டவணைகள் எப்படிப் பலவாயின என்பதே இக்கட்டுரை.

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைச் சேமிக்கிறது. 1963-இல் வெளிவந்த ஆஸ்கி அட்டவணையில் 128 இடங்களே இருந்தன. ஆங்கிலத்துக்கு அது போதும். எட்டாவது பிட்டையும் பயன்படுத்தியபோது இன்னும் 128 இடங்கள் கிடைத்தன. அவற்றில் மேற்கு ஐரோப்பியர் தம் எழுத்துகளை வைத்தது இலத்தீன்-1. அதைச் சற்று விரித்தது விண்டோஸ்-1252. அதே இடங்களில்தான் தமிழரும் தமிழைக் குடியேற்றினர். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரிசையில் வைத்தனர். மயிலை எழுத்துருவில் தட்டிய கடிதத்தை வேறோர் எழுத்துருவில் திறந்தால் ஒரு சொல்லும் விளங்காது.

இதைத் தீர்க்க 1997-இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் வழியாக டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. இணையத்தில் கூடிப் பேசிய தன்னார்வலர்கள் உருவாக்கியது திஸ்கி. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முதலில் மயிலையிலும், பிறகு திஸ்கியிலும், பின்னர் ஒருங்குறியிலும் நூல்களை வெளியிட்டது. ஒரு தலைமுறைக்குள் இரண்டு முறை வீடு மாறியதுபோல்தான். அக்காலத்துப் பக்கங்கள் பல, உலாவியில் குறியேற்றத்தைப் "பயனர் வரையறுத்தது" என மாற்றச் சொல்லி, எழுத்துருவையும் இறக்கிக்கொள்ளச் சொல்லும்.

ஒருங்குறியின் முதல் பதிப்பு 1991-இல் வந்தது. இந்தியாவின் இஸ்கி வரிசையை ஒட்டித் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. மெய்க்கும் உயிர்மெய்க்கும் தனி இடம் தரவில்லை என்ற மனக்குறை தமிழறிஞரிடையே நெடுநாள் நிலவியது. அது நியாயமான குறையே. ஆனால் உலகம் முழுதும் ஒரே அட்டவணை என்பதன் பயன் அதைவிடப் பெரிது என்பது என் கருத்து. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்றது. டேஸ்16 என்பதையும் மாற்றுக் குறியேற்றமாக வைத்தது.

ஒருங்குறி எண்ணை எத்தனை பைட்டில் எழுதுவது என்பது வேறு கேள்வி. 1992 செப்டம்பரில் நியூஜெர்சி உணவகம் ஒன்றில், மேசை விரிப்புத் தாளில் கென் தாம்சன் வரைந்த யுடிஎஃப்-8 முறையே இன்று வலையை ஆள்கிறது. ராப் பைக் உடனிருந்தார். இம்முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. முதல் பைட்டு எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. இலத்தீன்-1 அட்டவணையில் 224 என்பது அந்தச் சாய்கோட்டு ஏ. 174 என்பது வட்ட ஆர். திரையில் இவ்விரண்டும் திரும்பத் திரும்ப வந்தால், தமிழ் நலமாக இருக்கிறது, பெயர்ச்சீட்டு மட்டும் தவறு என்று தெரிந்துகொள்ளலாம்.

"தமிழ்" என்ற சொல்லையே அளவுகோலாகக் கொள்ளலாம். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். தரவுத்தளத்தில் அதன் நீளம் 15 பைட்டு என்றால் சரியாகச் சேமிக்கப்பட்டுள்ளது. 30 என்றால், ஏற்கெனவே யுடிஎஃப்-8 ஆக இருந்ததை இலத்தீன்-1 என்று எண்ணி மறுபடி மாற்றியிருக்கிறார்கள். 4 என்றால் திஸ்கியாக இருக்கலாம், ஏனெனில் அதில் ழ் ஒரே குறி. 5 பைட்டும் ஐந்தும் கேள்விக்குறியுமாக இருந்தால் மூலம் போயிற்று. எந்த மாற்றியும் அதை மீட்காது.

இரட்டை மாற்றம் பெரும்பாலும் நடந்த இடம் மைஎஸ்கியூஎல். சுவீடனில் பிறந்த அந்தத் தரவுத்தளத்தின் இயல்பிருப்பு 8.0 பதிப்பு (2018) வரும்வரை இலத்தீன்-1 ஆகவே இருந்தது. வரிசைப்படுத்தும் விதியும் சுவீடிய விதி! பழைய பதிப்புகள் பைட்டுகளை அப்படியே வாங்கி அப்படியே தந்ததால் தமிழ்ப் பக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. 4.1 பதிப்பு ஒவ்வொரு நெடுவரிசைக்கும் குறியேற்றத்தைக் கேட்கத் தொடங்கியதும் குட்டு வெளிப்பட்டது. இலத்தீன்-1 என்று பெயர்ச்சீட்டு ஒட்டிய நெடுவரிசையை நேராக யுடிஎஃப்-8 ஆக மாற்றினால் 15 பைட்டு 30 ஆகும். முதலில் இருமநிலை வகையாக மாற்றி, பிறகு யுடிஎஃப்-8 என்று அறிவிப்பதே சரியான வழி. அதற்கு முன் படியெடுத்து வைப்பது கட்டாயம்.

மீட்கும்போது ஒரு கண்ணி உண்டு. விண்டோஸ்-1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. உகரக் குறியின் கடைசிப் பைட்டு 129, புள்ளியினுடையது 141, ஏ, ஐ இரண்டும் 143, 144. கண்டிப்பான மாற்றி இவற்றை வீசிவிடும். புள்ளியும் உகரமும் இல்லாத தமிழ் எப்படியிருக்கும்? "வீட்டுக்கு" என்பதில் இரண்டு புள்ளியும் இரண்டு உகரமும் போய் "வீடடகக" என்று நிற்கும். ஆகவே மீட்டபின் ஒரு பத்தியையாவது கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும்.

மொழிபெயர்ப்புக் கோப்புகளிலும் இதே கதை. ஜாவாவின் மொழிக் கோப்புகள் 9-ஆம் பதிப்பு (2017) வரை இலத்தீன்-1 ஆகவே படிக்கப்பட்டன. தமிழை எண்வடிவில் மாற்றி எழுதினால்தான் வேலை செய்யும். கெட்டெக்ஸ்ட் கோப்பின் தலைப்பில் குறியேற்றத்தின் பெயரை நிரப்பாமல் விடுவதும் வழக்கமான பிழை.

திஸ்கியிலிருந்து வந்த உரையில் இன்னொன்று கவனிக்க வேண்டும். திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதும். "கெ" என்பதில் கொம்பு முதலில், ககரம் பிறகு. ஒருங்குறியில் ககரம் முதலில். சரியாக மாற்றாவிட்டால் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளாலான வட்டம் தோன்றும். "கொ" என்பதன் குறியை ஒன்றாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றே; பைட்டு வேறு. ஒருமுகப்படுத்தாத செயலியில் தேடினால் பாதி விடைகள் கிடைக்காது.

மைஎஸ்கியூஎல் "யுடிஎஃப்8" என்று முதலில் தந்தது மூன்று பைட்டு வரைதான் ஏற்கும். தமிழுக்கு அது நெடுநாள் போதுமானதாக இருந்தது. 2019 மார்ச்சில் ஒருங்குறி 12.0 பதிப்பு முந்திரி, காணி முதலிய தமிழ்ப் பின்னக் குறிகளைச் சேர்த்தது. அவற்றுக்கு நான்கு பைட்டு வேண்டும். எனவே "யுடிஎஃப்8எம்பி4" என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் பழைய நிலக்கணக்கைத் தட்டச்சிட முடியும்.