உங்கட ரீம், எங்கட ரீம்



போன ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். வயது 15. ஆர்சனல் சட்டை போட்டிருந்தான். அதற்கு முதல் நாள்தான் நான் ரொறன்ரோ எஃப்.சி.யின் ஆட்டத்துக்குப் போய், தோல்வியைப் பார்த்துவிட்டு, தொண்டை அடைத்துப்போய் வந்திருந்தேன். என் குரலைக் கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு.

“மாமா, தோற்கிற ரீமுக்கு ஏன் காசு குடுத்துப் போறீங்கள்? பேசாமல் ஆர்சனலைப் பிடியுங்கோவன்.”

நியாயமான கேள்விதான். 2023இல் ரொறன்ரோ எஃப்.சி. 29 அணிகள் ஆடிய லீக்கில் 22 புள்ளிகளோடு கடைசி இடத்தில் முடித்தது. ஸ்காபரோவில் இருந்து மைதானத்துக்குப் போவதென்றால் கெனடி நிலையத்தில் சப்வே ஏறி, பாதர்ஸ்ற்றில் இறங்கி, 511 ஸ்ற்றீட்கார் பிடிக்க வேண்டும். திரும்பி வரும்போது தோல்வியையும் சுமந்துகொண்டு வர வேண்டும்.

நான் கணினித் துறையில் வேலை செய்பவன். ஒரு சிஸ்டம் விழுந்தால் நாங்கள் முதலில் யாரைத் திட்டலாம் என்று தேடுவதில்லை. என்ன, எப்போது நடந்தது என்று திகதி வாரியாக எழுதுவோம். இந்தத் தோல்விகளையும் அப்படியே எழுதிப் பார்க்கிறேன். அவனுக்குச் சொன்ன பதில் இதுதான்.

முதலில் ஆளுக்கொரு அணி

இந்த நகரத்துக்கு உதைபந்தாட்டம் 2007இல் வந்தது என்று நினைக்காதீர்கள். 1976இல் ரொறன்ரோ மெற்றோஸ் குரோவேசியா என்ற அணி வட அமெரிக்க லீக்கின் இறுதியாட்டத்தில் மினசோட்டாவை 3–0 என்று வென்றது. போர்த்துக்கலின் பெரிய நட்சத்திரம் யுசேபியோ அந்த அணியில் ஆடினார். பெயரைப் பார்த்தாலே தெரியும், அது இங்கே குடியேறிய குரோவேசியர்கள் நடத்திய அணி. 1982இல் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது சென் கிளயர் வீதியில் இலட்சக்கணக்கானவர்கள் இறங்கிக் கொண்டாடினார்கள். அது இத்தாலியர்களின் வெற்றி. 1984 பருவத்தோடு அந்த லீக் படுத்துவிட்டது. பிறகு இருபது வருடங்களுக்கு மேல் ரொறன்ரோவுக்குப் பெரிய லீக்கில் அணி இல்லை.

ஆனால் பந்து நிற்கவில்லை. ஒவ்வொரு சமூகமும் தன் ஊர் அணியையே இங்கேயும் வைத்திருந்தது. எங்கள் ஆட்களும் அப்படித்தான். ஊர்ப் பெயரிலும் பாடசாலைப் பழைய மாணவர் பெயரிலும் கழகங்கள், கோடையில் பூங்காக்களில் சுற்றுப்போட்டிகள், கரையில் ரோல்ஸும் தேத்தண்ணியும். உங்களில் பலர் அப்பாவோடு போய்ப் பார்த்திருப்பீர்கள்.

நாட்டின் அணிக்கு மட்டும் ஒரு பெரிய நாள் கிடைத்தது. 1985 செப்ரெம்பர் 14 அன்று, நியூபவுண்ட்லாந்தின் செயின்ற் ஜோன்ஸ் நகரத்தில், கனடா ஒண்டூராஸை 2–1 என்று வென்று முதல் தடவையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 1986 யூனில் மெக்சிக்கோவுக்குப் போனது. பிரான்சிடம் 0–1, ஹங்கேரியிடம் 0–2, சோவியத் ஒன்றியத்திடம் 0–2. மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, ஒரு கோல்கூட இல்லை.

இரண்டு மாதம் கழித்து, 1986 ஓகஸ்ற் 11 அன்று, அதே நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த நகரமும் செயின்ற் ஜோன்ஸ்தான். எங்கள் அப்பா அந்தப் படகில் வந்தவர் அல்ல. அடுத்த வருடம் விமானத்தில் வந்தவர். ஆனால் கனடாத் தமிழர் கதையும் கனடா உதைபந்தாட்டத்தின் கதையும் ஒரு வருட இடைவெளிக்குள் ஒரே ஊரைத் தொட்டுப் போனதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கும்.

மெத்தை பறந்த நாள்

2007இல் ரொறன்ரோ எஃப்.சி. எம்.எல்.எஸ். லீக்கில் சேர்ந்தது. எனக்கு அப்போது 19 வயது, பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். முதல் நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. நான்கிலும் ஒரு கோல் இல்லை. மே 12 அன்று சிக்காகோவுக்கு எதிரான ஆட்டத்தில், 24ஆவது நிமிடத்தில், டனி டிச்சியோ என்ற இங்கிலாந்துக்காரர் முதல் கோலை அடித்தார். பார்வையாளருக்கு இலவசமாகக் கொடுத்திருந்த இருக்கை மெத்தைகள் எல்லாம் மைதானத்துக்குள் பறந்தன. ஆட்டத்தை நிறுத்தி அவற்றைப் பொறுக்க வேண்டியதாயிற்று. 3–1 என்று வென்றோம். இன்றைக்கும் 24ஆவது நிமிடம் வந்தால் தென்பக்கக் கூட்டம் டிச்சியோவின் பெயரைப் பாடும்.

அதே வருடத்தில் பிறகு 824 நிமிடங்கள் ஒரு கோலும் அடிக்காமல் இருந்து சாதனையும் படைத்தோம். அதற்குப் பாட்டு இல்லை.

2009இன் கடைசி ஆட்டத்தில் வென்றால் அடுத்த சுற்று. எதிரணி, லீக்கில் கடைசியில் கிடந்த நியூயோர்க். கொட்டும் மழையில் 0–5 என்று தோற்றோம். 2012 இன்னும் விசித்திரம். மார்ச்சில், கண்டத்துக் கழகங்களுக்கான போட்டியில் டேவிட் பெக்கம் ஆடிய லொஸ் ஏஞ்சலிஸ் அணியை வெளியேற்றினோம். அதே வசந்தத்தில் லீக்கில் முதல் ஒன்பது ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றோம். அந்தப் பருவம் முடிந்தபோது, அடுத்த வருட ரிக்கற் விலையை 2007இல் இருந்த அளவுக்கே குறைத்தார்கள். முதல் எட்டு வருடங்களில், தற்காலிகமாக இருந்தவரையும் சேர்த்து, ஒன்பது பயிற்சியாளர்கள். எட்டு வருடங்களிலும் அடுத்த சுற்றுக்குப் போகவே இல்லை.

அப்படியிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஏன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். இது குரோவேசியரின் அணியும் இல்லை, இத்தாலியரின் அணியும் இல்லை, எங்கள் ஊர்க் கழகமும் இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கானாக்காரர். முன்னால் ஒரு போர்த்துக்கீசக் குடும்பம். பின்னால் பெரிய குரலில் கத்துகிற ஒரு ஸ்கொட்லாந்துக் கிழவர். வீட்டில் ஆளுக்கொரு அணி வைத்திருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து தோற்க ஒரு அணி இதுதான்.

அப்பாவின் சொல்

இனி அப்பா. நான் ஒவ்வொரு ஆட்டமும் முடிந்து வரும்போது அவர் கதவைத் திறந்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: “என்ன, உங்கட ரீம் தோத்துப்போச்சோ?”

“உங்கட” என்ற சொல்லைக் கவனியுங்கள். கனடாவில் அப்பாவுக்கு நிறைய விசயங்கள் “உங்கட”. உங்கட ஹொக்கி, உங்கட பாட்டு, உங்கட குளிர். “எங்கட” என்றால் அது ஊர்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும்போது அவர் நாவாந்துறை சென்.மேரிஸ் பக்கம். துரையப்பா விளையாட்டரங்குக்குச் சைக்கிளில் போவாராம். தோற்றால் அடுத்த நாள் தேத்தண்ணிக் கடைப் பக்கமே போகமாட்டாராம். குருநகர் பாடும்மீன் ஆட்கள் அங்கே பகிடி பண்ணக் காத்திருப்பார்களாம். அவ்வளவு பைத்தியமாக இருந்தவர் இங்கே வந்து ஒரு அணியையும் பிடிக்கவில்லை. ஒருமுறை ஏன் என்று கேட்டேன்.

“ஒரு ரீமைப் பிடிச்சால், பிறகு விட்டிட்டு வரேக்க நோகும்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2016 டிசெம்பர் 10 அன்று ரொறன்ரோ எஃப்.சி. முதல் தடவையாக இறுதியாட்டத்துக்கு வந்தது. சொந்த மைதானம், எதிரணி சியாற்றில். என் நண்பனுக்குக் கடைசி நேரத்தில் வரமுடியாமல் போய்விட்டது. மிஞ்சிய ரிக்கற்றுக்கு அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு ஜக்கெற், கம்பளித் தொப்பி, முகத்தைச் சுற்றி அம்மாவின் சால்வை. “இந்தக் குளிருக்க மனிசர் வருவாங்களே?” என்று கேட்டவர், 36,000 பேரைக் கண்டதும் பேசாமல் இருந்துவிட்டார்.

120 நிமிடமும் அடித்தது நாங்கள். சியாற்றில் கோலை நோக்கி ஒரு பந்தைக்கூடச் சரியாக அடிக்கவில்லை. மேலதிக நேரத்தில் எங்கள் சிறந்த வீரர் ஜியோவிங்கோவை வெளியே எடுத்தார்கள். 108ஆவது நிமிடத்தில் ஜோசி அல்ரிடோர் தலையால் அடித்த பந்து வளைந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. அப்பா எழும்பி நின்று இரண்டு கையையும் தூக்கிவிட்டார். சியாற்றில் கோல் காப்பாளர் ஸ்ரெஃபன் ஃப்றை பின்பக்கமாகப் பாய்ந்து அதை ஒற்றைக் கையால் வெளியே எடுத்தார். அந்த ஃப்றை எங்களிடம் ஐந்து பருவம் இருந்தவர். நாங்களே அனுப்பிவிட்டவர்.

பிறகு பெனால்ரி. ஆறாவது சுற்றில் ஜஸ்ரின் மொறோ அடித்தது கோல் கம்பத்தில் பட்டது. சியாற்றிலின் றோமன் ரொறெஸ் அடித்தது உள்ளே போனது. 4–5. முடிந்தது.

ஸ்ற்றீட்காரில் இடிபட்டு நின்றோம். ஒருவரும் பேசவில்லை. திடீரென்று அப்பா, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரரிடம், தன் இங்கிலிஷில் கேட்டார், ஜியோவிங்கோவை ஏன் எடுத்தவங்கள் என்று. அவர் ஆளுக்குக் காலில் நோ என்றார். நோ எண்டாலும் பெனால்ரி அடிக்க ஒரு கால் காணும் என்றார் அப்பா. இன்னொருவர் குறுக்கே வந்தார். நிலையம் வருமட்டும் அந்த வாக்குவாதம் நடந்தது. இந்த நகரத்தில் 29 வருடமாக பஸ்ஸிலும் ரெயினிலும் யன்னலைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய்வந்த மனிதர் அவர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்ன நடந்தது என்று கேட்டா. அப்பா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “எங்கட ரீம் தோத்துப்போச்சு.”

அவர் அதைக் கவனித்துச் சொல்லவில்லை. நான் கவனித்தேன்.

அடுத்த வருடம் டிசெம்பர் 9 அன்று அதே மைதானத்தில் அதே சியாற்றிலை 2–0 என்று வென்றோம். அல்ரிடோர் ஒன்று, வஸ்கெஸ் ஒன்று. அந்த வருடம் லீக்கில் முதலிடம், கனடாக் கிண்ணம், இறுதிக் கிண்ணம் மூன்றும் எங்களுக்கு. அப்பா சந்தோசப்பட்டார், படுத்தார். வெற்றியைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. ஆனால் 2016 பற்றிக் கேட்டுப் பாருங்கள். தேத்தண்ணி ஆறிப்போகும்.

கனடா அணியும் 36 வருடம் கழித்து, 2022இல், உலகக் கோப்பைக்குத் திரும்பிப் போனது. அங்கேயும் மூன்று தோல்வி. ஆனால் குரோவேசியாவுக்கு எதிராக, ஆட்டம் தொடங்கி 68 செக்கனில், அல்போன்சோ டேவிஸ் அந்த அணியின் முதல் உலகக் கோப்பைக் கோலை அடித்தார். கானாவில் ஒரு அகதி முகாமில் பிறந்து, எட்மன்ரனில் வளர்ந்த பெடியன். அந்த ஆட்டத்தை 1–4 என்று தோற்றோம். அப்பா அன்றைக்கும் “எங்கட பெடியன்” என்றுதான் சொன்னார்.

மருமகனுக்கு இதுதான் என் பதில். தூரத்தில் இருக்கிற பெரிய அணியைப் பிடிப்பது பிழை இல்லை. நானும் அந்த ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனால் அந்த அணி தோற்றால் நீ தனியாக, ஃபோனைப் பார்த்துக்கொண்டு தோற்கிறாய். இங்கே தோற்றால் ஒரு ஸ்ற்றீட்கார் நிறையத் தோற்கிறோம்.

அடுத்த ஆட்டத்துக்கு மூன்று ரிக்கற் எடுத்திருக்கிறேன். அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. “ஆர்சனல் சட்டையோடதான் வருவன்” என்றான். சரி என்றேன்.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். இன்றைக்கு இரவுச் சாப்பாட்டு நேரம் அப்பாவிடமோ அம்மப்பாவிடமோ கேளுங்கள்: ஊரில் நீங்கள் எந்த ரீம்? கடைசியாக எப்போது தோற்றீர்கள்? பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள்.