வில்வண்டியும் பிக்கப் வண்டியும்



வில்வண்டி என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கட்டை வண்டியில் பாரம் நேரே அச்சின் மேல் உட்காரும். வில்வண்டியிலோ வில்போல் வளைந்த எஃகுப் பட்டைகள் இடையில் நின்று அதிர்வை வாங்கிக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் ஒபதையா எலியட் இத்தகைய வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். 1950களில் ஜாம்ஷெட்பூரில் டாடாவும் எண்ணூரில் அசோக் லேலண்டும் செய்த லாரிகளிலும் பட்டைதான்.

இன்று கீரமங்கலத்தில் பூவும் பலாவும் தேங்காயும் ஏற்றும் தம்பிகள் சிலர், "சார், பட்டை கூட்டி வண்டியைத் தூக்கலாமா?" என்கிறார்கள். பட்டை கூட்டினால் வண்டியே உயரும். சேஸிஸுக்கும் பெட்டிக்கும் நடுவே கட்டை வைத்தால் பெட்டி மட்டும் உயரும். எப்படித் தூக்கினாலும் பாரத்தின் மையம் மேலே போகும், வளைவில் வண்டி சாயும்.

இன்னொன்று. பல பிக்கப்களில் பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பதைக் கொண்டே ஒரு வால்வு பின் பிரேக்கின் விசையை அளந்து விடும். பட்டை கூட்டித் தூக்கிய வண்டியில் பாரம் இருந்தும் 'காலி வண்டி' என்று அது நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் குறையும்.

தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தடை சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

தேய்ந்த பட்டைக்குப் பதில் அதே அளவுப் பட்டை போடுங்கள். பாரம் கூடினால் ஒரு நடை கூடுதலாகப் போய் வாருங்கள். வீட்டில் காத்திருக்கிறார்கள்.