அம்புக்குறி எப்போது வந்தது?

போன கிழமை தரம் 10 வகுப்பில் பாடம் முடிய மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. பின்வரிசைப் பொடியன் ஒருத்தன் எழும்பி, "சேர், நீங்க கேம் விளையாடுவீங்களாமே. ஸ்கைரிம் நல்லமா, மொரோவிண்ட் நல்லமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. ஐந்து நிமிஷத்தில் சொல்ல ஏலாது, எழுதுறேன் என்றேன். அதுதான் இந்தப் பதிவு. கேம் என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோரும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்க. கடைசியில் இது பிள்ளைகளைப் பற்றிய கதைதான்.

அமெரிக்காவின் மேரிலாண்டில் உள்ள பெத்தெஸ்டா நிறுவனம் செய்யும் கேம் வரிசை 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்'. கற்பனை நாடு ஒன்றில் நாம் ஒரு ஆளாக நுழைந்து, வாளோ மந்திரமோ பழகி, ஊர் ஊராகத் திரிந்து, மக்கள் தரும் வேலைகளைச் செய்ய வேண்டும். பிரதான கேம்கள் ஐந்து: அரீனா (1994), டாகர்ஃபோல் (1996), மொரோவிண்ட் (2002), ஒப்லிவியன் (2006), ஸ்கைரிம் (2011).

"பழசுதான் தங்கம்" என்று ஒரு கூட்டம், "புதுசுதான் அழகு" என்று இன்னொரு கூட்டம். வரலாறு படித்தவன் இரண்டையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறு கேள்வி கேட்க வேண்டும்: எது மாறியது? ஏன் மாறியது?

டாகர்ஃபோலில் இருந்து தொடங்குவோம். அதன் நிலப்பரப்பு நம்ம இலங்கையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஊர், கோயில், குகை என்று சுமார் 15,000 இடங்கள். இவ்வளவையும் மனிதர் கையால் வரையவில்லை. பெரும்பாலானவற்றை கணினியே விதிமுறைப்படி உருவாக்கியது. அதனால் ஒரு கிராமத்தைப் பார்த்தால் நூறு கிராமத்தைப் பார்த்த மாதிரி. நடந்து போய் முடியாது என்பதால், வரைபடத்தில் ஊரைத் தொட்டால் அங்கே கொண்டு போய் விடும். இதை ஞாபகத்தில் வையுங்க, பிறகு தேவைப்படும்.

அடுத்து வந்த இரண்டு கிளைக் கேம்களும் சரியாக விலைப்படவில்லை. நிறுவனம் மூடும் நிலைக்குப் போனது. 1999இல் ஸெனிமேக்ஸ் என்ற புதிய தாய் நிறுவனத்தின் கீழ் வந்த பிறகுதான் மூச்சு விட்டது. அந்த நெருக்கடிக்குள் செய்ததுதான் மொரோவிண்ட். இந்த முறை பாதையைத் திருப்பினார்கள். ஒரேயொரு தீவு, 25 சதுர கிலோமீற்றருக்கும் குறைவு. ஆனால் அதிலுள்ள பாறை, வீடு, அலுமாரிக்குள் இருக்கும் புத்தகம் எல்லாம் மனிதர் கையால் வைத்தது.

அந்தத் தீவில் அம்புக்குறி இல்லை. ஒரு வேலை தருபவர் வழியை வாயால் சொல்லுவார், அதாவது எழுத்தில். ஊருக்குத் தெற்கால் இறங்கு, ஆற்றைக் கட, கிழக்கே கோட்டை வரும், அதைத் தாண்டினால் பழைய பாலம், அதற்கு அப்பால்தான் நீ தேடும் பாழடைந்த மாளிகை. இந்த மாதிரி. வாசித்து, விளங்கி, கண்ணைத் திறந்து கொண்டு நடக்க வேண்டும். தூர ஊருக்கு அவசரம் என்றால் ஒரு பெரிய பூச்சியின் முதுகிலோ படகிலோ காசு கொடுத்து ஏற வேண்டும். அதுவும் எல்லா ஊருக்கும் போகாது, நம்ம ஊர் பஸ் மாதிரி மாறி ஏற வேண்டும்.

நான் இதை விளையாடியது ஓ.எல். முடிந்த விடுமுறையில், சாச்சாவின் வீட்டுக் கணினியில். ஒரிஜினல் பெட்டிக்குள் கடதாசி வரைபடம் ஒன்று வரும். எனக்குக் கிடைத்ததோ கொப்பி அடித்த டிஸ்க். அதனால் சீ.ஆர். கொப்பி ஒன்றில் நானே வரைபடம் கீறினேன். பக்கத்தில் ஆங்கில அகராதி. 'ஃபோர்ட்', 'ரிட்ஜ்', 'ஃபோர்ட்ரெஸ்' என்ற சொற்களை எந்த வாத்தியாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை, அந்தத் தீவில் வழி தவறித்தான் படித்தேன்.

2006இல் ஒப்லிவியன் வந்தது. திரையின் அடியில் ஒரு திசைகாட்டி, அதில் நீ போக வேண்டிய இடத்தைக் காட்டும் குறி. வரைபடத்தைத் தொட்டுப் பாயும் வசதியும் திரும்பி வந்தது.

ஏன்? விளையாடுபவர்கள் சோம்பேறி ஆகிவிட்டார்கள் என்று சொல்லுவது லேசு. எனக்குப் படும் காரணம் வேறு. மொரோவிண்டில் பேச்சு பெரும்பாலும் எழுத்து. ஒப்லிவியனில் எல்லாரும் வாய் திறந்து பேசினார்கள், பேரரசருக்குக் குரல் கொடுத்தவர் பெட்ரிக் ஸ்டீவர்ட். எழுத்தென்றால் எவ்வளவும் எழுதலாம். குரல் என்றால் ஒவ்வொரு வரிக்கும் நடிகருக்குக் கூலி வேண்டும், டிஸ்க்கில் இடம் வேண்டும். அதோடு தொடரின் கேம்கள் டிவிக்கு முன்னால் கதிரையில் இருந்து விளையாடுவோரிடமும் போய்ச் சேர்ந்திருந்தன. அவ்வளவு தூரத்தில் இருந்து நீண்ட பந்தி வாசிப்பது கஷ்டம். ஆகவே பேச்சு சுருங்கியது. சுருங்கிய இடத்தில் அம்பு வந்து குந்தியது.

கூடவே வேறு சிலதும் மாறின. மொரோவிண்டில் யாரையும் கொல்லலாம். கதைக்குத் தேவையான ஆளைக் கொன்றால் கதை அறுந்துவிட்டது என்று சொல்லுவார்கள், அந்த உலகத்தில் நீயே இருந்து அனுபவி. ஒப்லிவியனில் முக்கியமான ஆட்கள் மயங்கி விழுந்து எழும்பி வருவார்கள். பழக வேண்டிய திறன்கள் மொரோவிண்டில் 27, ஒப்லிவியனில் 21, ஸ்கைரிமில் 18. ஈட்டி பிடிக்கும் திறன் ஒப்லிவியனோடு போனதுதான், ஸ்கைரிமிலும் வரவில்லை.

ஸ்கைரிமில் இன்னொன்றைக் கவனித்தேன். அம்பு வேண்டாம் என்று அதை அணைத்துவிட்டு விளையாடப் பார்த்தேன், பல வேலைகளில் முடியவில்லை. காரணம், வழியை யாருமே சொல்லுவதில்லை. அம்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் அந்த வசனங்கள் எழுதப்படவே இல்லை. பெரிய மாற்றம் அம்பு வந்தது அல்ல, அம்பு இல்லாமல் போகக்கூடிய பாதை இல்லாமல் போனதுதான்.

இந்த இடத்தில் "அப்போ பழசுதான் நல்லம்" என்று முடிக்கலாம். ஆனால் அது நியாயமில்லை. முதலாவது, பாய்ந்து போகும் வசதி புதுசு அல்ல, 1996இலேயே இருந்தது. பழசெல்லாம் கஷ்டம், புதுசெல்லாம் லேசு என்ற கோடு நேராக இல்லை. இரண்டாவது, என் ராத்தாவின் மகன். அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதுறேன். வாசிப்பு அவனுக்குப் பெரிய பாடு, எழுத்துகள் இடம் மாறித் தெரியும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை ஸ்கைரிமை முடித்துவிட்டு எனக்கு அந்நாட்டு உள்நாட்டுப் போரை ஒரு மணி நேரம் விளக்கினான், இரு தரப்பின் நியாயத்தோடும். மொரோவிண்ட் மட்டுமே இருந்திருந்தால் அவன் முதல் ஊரைத் தாண்டியிருக்க மாட்டான். அந்த அம்பு அவனுக்குக் கதவைத் திறந்தது.

போன பெருநாள் விடுமுறையில் இருவரும் சேர்ந்து மொரோவிண்டைப் போட்டோம். நான் வாசிப்பேன், அவன் நடத்துவான். மேலே சொன்ன அந்தப் பாழடைந்த மாளிகைக்கான வழிதான். இரண்டு தரம் பிழைத்தோம். மூன்றாம் தரம், "மாமா, இன்னொருக்கா வாசிங்க, கோட்டைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டான். வாசித்தேன். பாலத்தை அவன்தான் கண்டான். கதவைத் திறக்கும் திருகுபிடியையும் அவன்தான் கண்டான், நான் அதற்குப் பக்கத்தால் இரண்டு முறை போயிருக்கிறேன்.

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒன்றை மாற்றியிருக்கிறேன். "வரக்கூடிய கேள்விகள்" என்று டியூட் கொடுப்பதை முற்றாக நிறுத்தவில்லை, சில பிள்ளைகளுக்கு அந்த அம்பு வேண்டும். ஆனால் ஒவ்வொரு பாடத்திலும் ஒரு பந்தியை அம்பு இல்லாமல் கொடுக்கிறேன். பக்கத்தில் இருப்பவனோடு சேர்ந்து வாசித்து, நீங்களே விடையைத் தேடுங்க என்று.

கேள்வி கேட்ட பொடியனுக்கு: அரீனாவையும் டாகர்ஃபோலையும் நிறுவனமே இப்போது இலவசமாகக் கொடுக்கிறது. விடுமுறையில் முயற்சி பண்ணு, சீ.ஆர். கொப்பியையும் பக்கத்தில் வை. பிறகு வந்து எது நல்லம் என்று நீ எனக்குச் சொல்லு.